ஊறுகாய் அளவு சோகம் போதாது, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். 'தனிப் பியானோ கச்சேரியில் சோக இசை முழு விருந்தாக இருக்கலாமா, இலை ஓரத்து ஊறுகாயாக இருந்தால் போதுமா?' விருந்தாகவே இருக்கலாம் என்று பேச நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அண்ணன் மூன்று விஷயம் சொன்னார். ஒன்றரை மணி நேரம் முகாரி பாடினால் காசு கொடுத்து வந்தவன் எழுந்து போய்விடுவான் என்றார். பியானோவில் ஒலி நீண்டு நிற்காது, மெதுவான உருப்படிகளாகவே வரிசையாக வந்தால் கச்சேரி படுத்துவிடும் என்றார். அப்புறம் பியானோ மேதை ஹோரோவிட்ஸைத் துணைக்குக் கூப்பிட்டார். 61 வருடம் கழித்து ரஷ்யாவுக்குத் திரும்பிப் போன அந்தப் பெரியவர், 1986 ஏப்ரலில் மாஸ்கோ கச்சேரியின் முடிவில் கூடுதலாக வாசித்த ஷூமானின் 'டிராய்மெரை' என்ற சின்ன உருப்படி ஒன்றிலேயே சபையில் கண்ணீர் வந்ததே, ஒன்று போதாதா என்று கேட்டார். கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன்.

சரி. பதிலுக்குப் போவதற்கு முன்னால் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்துப் பேச வருபவர் அதை எடுத்து வீசுவார்.

நான் பியானோ சொல்லிக்கொடுப்பவள். சில வருடங்களுக்கு முன் என் மாணவர்களை வைத்து ஒரு மாலை முழுக்கச் சோகமாகவே அமைத்தேன். சாத்தியின் முதல் 'ஜிம்னோபெடி', பேத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவில் முதல் பகுதி, ஷோப்பினின் இ மைனர் பிரெலூட் என்ற சின்ன உருப்படி, இப்படி ஆறு. எல்லாம் மெதுவு, எல்லாம் சன்னம். நாலாவது உருப்படியில் முதல் வரிசைத் தாத்தா ஒருவர் குறட்டை விட ஆரம்பித்தார். அவருடைய மனைவி தொடையில் கிள்ளியது பக்கம் திருப்பிக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது. எல்லாம் முடிந்ததும் ஒரு குழந்தையின் அம்மா வந்து, "மிஸ், எல்லாம் ஒரே பாட்டுதானே? நடுவுல நடுவுல எதுக்கு நிறுத்தினாங்க?" என்று கேட்டார்.

எதிரணி சிரிக்கிறது. சிரியுங்கள், சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அன்று நான் செய்தது என்ன? வேகத்தைப் பார்த்துப் பொறுக்கினேன். மெதுவாக இருப்பதெல்லாம் சோகம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு சோகம் வைத்தேன் என்று நம்பி, ஒரே சோகத்தை ஆறு தடவை வைத்திருக்கிறேன். அந்த அம்மா சொன்னது விமர்சனம் இல்லை, நடுவர் அவர்களே, நோய்க்குறி.

பிள்ளை ஊருக்குக் கிளம்பிப் போன அன்று வீட்டில் இருக்கும் சோகம் வேறு, சாவு வீட்டுச் சோகம் வேறு, அநியாயத்தைப் பார்த்துக் கைகட்டி நின்றவனின் சோகம் வேறு. நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் நெய்தலுக்கென்றே 100 பாட்டு எழுதினார். அத்தனையும் கண்ணீர் என்று சொல்லமாட்டேன், ஊடல் உண்டு, கேலி உண்டு. என் கட்சியும் அதுதான். ஒரே திணைக்குள்ளே அத்தனை விதம் இருக்கிறது. "நடுவில் நாலு குறிஞ்சி போடுங்கள் ஐயா, இல்லாவிட்டால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள்" என்று எந்தச் சபா செயலாளரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

அண்ணன் சொன்ன இரண்டாவது விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், எனக்குப் பிடித்தது அதுதான். பியானோவில் ஒலி நிற்காது. உண்மை. விசையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு விலகிவிடும். அந்த நொடியிலிருந்து ஒலி தேய ஆரம்பிக்கும். வயலின்காரர் வில்லை இழுத்துக்கொண்டே இருக்கலாம். வீணைக்காரர் மீட்டிய பிறகும் தந்தியை இழுத்து கமகம் கொடுக்கலாம். பியானோக்காரர் என்ன செய்வார்? அடித்தது அடித்ததுதான். உட்கார்ந்து அது போவதைக் கேட்க வேண்டியதுதான்.

இப்போது ஷோப்பினின் அந்த இ மைனர் பிரெலூட்டைப் பாருங்கள். மொத்தம் 25 பார், அதாவது 25 தாளக் கட்டம். வலது கையில் பி ஸ்வரம் நீண்டு நிற்கும், பக்கத்து வீட்டு சி-யைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். ரொம்ப நேரத்துக்கு மெட்டு அவ்வளவுதான். இடது கை ஒரே சீராகக் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளை, தட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதில் ஏதோ ஒரு விரல் மட்டும் அரை ஸ்வரம் கீழே இறங்கும், கிணற்றுப் படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பது போல. மேலே மெட்டு அப்படியே நிற்கிறது, காலடியில் தரை இறங்குகிறது. 1849 அக்டோபர் 30 அன்று பாரிஸில் மாதலேன் தேவாலயத்தில் ஷோப்பினின் இறுதிச் சடங்கில் இதை ஆர்கனில் வாசித்தார்கள். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை ஒலி நிற்கும். பியானோவில் அந்த நீண்ட பி, அடுத்த ஸ்வரம் வருவதற்குள் தேய்ந்துகொண்டே போகும். மிச்சத்தைக் கேட்பவர்தான் மனதுக்குள் பிடித்து வைத்திருக்க வேண்டும். அண்ணன் எதைக் குறை என்றாரோ அதை நம்பித்தான் இவர்கள் எழுதியிருக்கிறார்கள். சோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் வேண்டுமென்றால் எதிரணி கொண்டுவரட்டும்.

சரி, முழு விருந்து என்றால் என்ன பரிமாறுவாய் என்று கேட்பீர்கள். இப்படித்தான் பரிமாறுவேன். மொசார்ட்டின் பி மைனர் அடாஜியோ, மெதுவான ஒரு தனி உருப்படி, 1788-இல் எழுதியது. அதன்பின் பிராம்ஸின் ஓபஸ் 117, இன்டர்மெட்சோ என்ற பெயரில் மூன்று சின்ன உருப்படிகள். பிறகு யானாசெக்கின் ஒரே பியானோ சொனாட்டா. இடைவேளை. காபி குடித்துவிட்டு வந்தால் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா, பி பிளாட் மேஜர். அவ்வளவுதான்.

மொசார்ட் எதற்கு முதலில்? சட்டென்று உரக்க ஒரு அடி, உடனே மெலிவு, மறுபடியும் அடி. கார் நிறுத்த இடம் தேடி எரிச்சலோடு வந்து உட்கார்ந்தவர்கூட இரண்டாவது பாரில் தலையைத் தூக்குவார். தூங்க விடாது. முடிவில் பி மேஜருக்குத் திரும்பும்போது ஏதோ ஒன்று மன்னிக்கப்பட்டது மாதிரி இருக்கும், யாரை யார் மன்னித்தார்கள் என்று தெரியாது.

பிராம்ஸின் முதல் இன்டர்மெட்சோ ஈ பிளாட் மேஜர். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று பரீட்சைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோமே, நானும் தருகிறேன், அந்தப் பாடம் இங்கே கவிழ்ந்துவிடும். ஒரு பழைய ஸ்காட்லாந்துப் பாட்டின் இரண்டு வரிகளை அதன் தலையில் எழுதியிருக்கிறார் பிராம்ஸ். தூங்கு கண்ணே, நீ அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை என்று ஒரு தாய் சொல்கிற வரிகள். இந்த மூன்று உருப்படிகளையும் அவர் தன் துயரங்களின் தாலாட்டுகள் என்றார். 1892, அவருக்கு 59 வயது. மெட்டை மேலே வைக்கவில்லை பாருங்கள், நடுவில் வைத்திருக்கிறார். மேலேயும் கீழேயும் ஒரே ஈ பிளாட் திரும்பத் திரும்பத் தொட்டில் மாதிரி ஆட, உள்ளே மெட்டு படுத்திருக்கிறது. வாசிக்கும்போது வலது கைச் சுண்டுவிரல் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் குழந்தை எழுந்துவிடும். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே வாயிலிருந்து வருவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

யானாசெக்குக்கு வருகிறேன். நடுவர் அவர்களே, இங்கே மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1905 அக்டோபர் 1. புர்னோ நகரம், இன்றைக்குச் செக் நாட்டில் இருக்கிறது, அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு. செக் மொழியில் படிக்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். பட்டாளம் வந்தது. ஃபிரான்டிஷெக் பாவ்லிக் என்ற இளம் தொழிலாளி துப்பாக்கிமுனைக் கத்திக் குத்தில் செத்தார். அந்தத் தேதியையே தலைப்பாக வைத்து யானாசெக் சொனாட்டா எழுதினார். மூன்று பகுதி. முதலாவதுக்குப் பெயர் 'முன்னுணர்வு', இரண்டாவதுக்கு 'மரணம்'. மூன்றாவது, ஒரு சவ ஊர்வல நடை, இன்று யாருக்கும் கிடைக்காது. 1906-இல் அரங்கேற்றத்துக்குச் சற்று முன்பு அதைக் கிழித்து நெருப்பில் போட்டுவிட்டார். பிறகு பிராகில் வாசித்துக் காட்டிய பின் மிச்ச இரண்டையும் வல்தாவா ஆற்றில் வீசினார். தாள்கள் மூழ்காமல் வெள்ளை அன்னங்கள் போல மிதந்து போயின என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். எல்லாம் போயிற்று என்று இருந்தபோது, 1924-இல், முதன்முதலில் அதை வாசித்த லுட்மிலா துச்கோவா தன்னிடம் ஒரு பிரதி இருக்கிறது என்றார். அப்படிப் பிழைத்து வந்ததுதான் நாம் கேட்கும் இரண்டு பகுதியும்.

இதை ஊறுகாயாக வைக்கச் சொல்கிறார்கள். முன்னால் ஒரு வால்ட்ஸ் நடனம், பின்னால் ஒரு போல்கா நடனம், நடுவில் பாவ்லிக்! அந்தச் சொனாட்டா முழுக்க மெதுவானதும் இல்லை, முழுக்கச் சன்னமானதும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரே சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும். தாலாட்டு முடிந்த கையோடு இது வந்தால், அந்தத் தாலாட்டில் இருந்த பிள்ளை வளர்ந்து தெருவுக்குப் போய்விட்டான் என்று கேட்பவருக்கே தோன்றும். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைப்பதால் கிடைப்பது அது. அண்ணன் சொன்ன மாதிரி பிரித்துப் பிரித்துப் போட்டால் கிடைக்காது.

ஒரு சின்ன விஷயம், ஏற்பாட்டாளர்கள் யாராவது இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இடைவேளை வரை கைதட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தட்டினால் சோகம் டவுன் பஸ் மாதிரி நின்று நின்றுதான் போகும்.

ஷூபர்ட். 1828 செப்டம்பரில் இந்தச் சொனாட்டாவை முடித்தார், நவம்பர் 19-இல் இறந்துபோனார், வயது 31. சாகப்போகிறவன் எழுதியது என்று அறிவித்து அனுதாபம் தேட எனக்கு இஷ்டமில்லை, இசையே போதும். தொடக்கத்தில் அமைதியாக ஒரு மெட்டு, அது மூச்சு வாங்கும் இடத்தில் பியானோவின் அடிக்குரலில் மிக மெல்லிய ஒரு நடுக்கம், தூரத்து இடி மாதிரி. பிறகு மௌனம். நம் அரங்குகளில் ஏசி உறுமுவது அந்த மௌனத்தில்தான் தெரியும், தயவுசெய்து அந்த ஒரு நிமிடம் அதை நிறுத்தி வையுங்கள். இரண்டாம் பகுதி சி ஷார்ப் மைனர். பிராம்ஸின் மூன்றாவது இன்டர்மெட்சோவும் அதே சி ஷார்ப் மைனர்தான், இடைவேளைக்கு முன்னால் கேட்ட கதவு மறுபடி திறக்கும். இடது கை வலது கையைத் தாண்டித் தாண்டி மேலே போய் ஒரே ஸ்வரத்தைத் தொட்டு வரும். முடியப்போகும் நேரத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சி மேஜர் வரும். சில நொடிதான். முப்பது வருடமாக வாசிக்கிறேன், அந்த இடத்தில் என் கை ஜில்லிட்டுவிடும்.

காசு கொடுத்து வந்தவன் எழுந்து போவான் என்றாரே அண்ணன். ரஷ்யப் பியானோ மேதை ரிக்டர் கடைசிக் காலத்தில் அரங்கை இருட்டாக்கி, இசைத்தாளின் மேல் ஒரே ஒரு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். இதே ஷூபர்ட்டின் முதல் பகுதியை மட்டும் 20 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு வாசித்த ஆள் அவர். ஜனங்கள் எழுந்து போகவில்லை.

ஹோரோவிட்ஸுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அன்று மாஸ்கோவில் அழுதவர்கள் மூன்று நிமிட உருப்படிக்கா அழுதார்கள்? அதற்கு முன்னால் ஒரு முழுக் கச்சேரி இருந்தது, அதற்கும் முன்னால் 61 வருடம் இருந்தது. அண்ணன் இலையை மறந்துவிட்டு ஊறுகாயை மட்டும் புகழ்கிறார். போதாக்குறைக்கு 'டிராய்மெரை' எஃப் மேஜர். அது சோக உருப்படி என்று ஷூமான் எங்கும் எழுதவில்லை. அவர் வைத்த சாட்சி என் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே நிமிடம், நடுவர் அவர்களே.

ஷூபர்ட் முடிந்து ஜனங்கள் எழுந்து நின்று இன்னும் ஒன்று என்று கேட்டால்? அந்த இ மைனர் பிரெலூட் வாசிப்பேன். இரண்டு நிமிடம். அண்ணன் கேட்ட ஊறுகாய் அது, இலையை மடிக்கும் முன்னால் வைக்கிறேன், எடுத்துக்கொள்ளட்டும். அன்று குறட்டை விட்ட தாத்தாவுக்கும் முதல் வரிசையில் ஒரு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.