பார்லிமென்டையே எரிச்ச கணக்குக் குச்சி!

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புலதான் உக்காந்திருக்கேன். காரணம் இதோ, இந்தக் குச்சி. அந்தக் காலத்துல அரசாங்கத்துக்குப் பணம் கட்டினா, தொகையை வெட்டா போட்டு, ரெண்டாப் பிளந்து, ஆளுக்கொரு பாதியா வச்சுக்கிட்ட மர ரசீது. 'இங்கிலாந்து அரசுக் கணக்குக் குச்சி, அசல் மாதிரி'ன்னு ஆன்லைன்ல போட்டிருந்தாங்க. குச்சி 900 ரூபா. சரி, போகட்டும். அனுப்புற செலவு 1,350! குச்சியை விட, குச்சி வர்ற செலவு ஜாஸ்தி. இந்த சேனல்ல டெலிவரி சார்ஜ் புலம்பல் இல்லாத வீடியோ கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும், அதனால இதோட நிறுத்திக்கிறேன். இல்ல, ஒரே ஒரு தடவை சொல்லிக்கிறேன்: 1,350!

அதைக் கூட மன்னிச்சுடலாம். கேமரா கிட்ட காட்டுறேன், பாருங்க. எல்லா வெட்டும் ஒரே அகலம். ரெண்டு பாதியும் ஒரே நீளம். ரெண்டுமே தப்பு. இந்த ரெண்டு விஷயத்துலதான் மொத்த சூட்சுமமே இருக்கு.

இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றி காலத்துல கருவூலத்தைப் பாத்துக்கிட்டவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். இந்தக் குச்சி எப்படி இருக்கணும்னு 1170கள்லயே எழுதி வச்சுட்டார். நீளம்? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நல்லா விரிச்சா வர்ற அளவு. முழு சாண் இல்ல, ஒட்டைச் சாண். வெட்டோட அகலம்தான் தொகை. ஆயிரம் பவுண்டுன்னா உள்ளங்கைத் தடிமன். நூறுன்னா கட்டைவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுண்டுக்கு முத்தின பார்லி மணி ஒண்ணு. ஷில்லிங்குக்கு அதைவிடச் சின்னதா, ஆனா கொஞ்சமாவது மரம் செதுக்கி எடுத்திருக்கணும். பென்னிக்கு மரத்தையே எடுக்கக் கூடாது, கத்தியால ஒரு கீறல், அவ்வளவுதான்.

அப்போ 123 பவுண்டு, 4 ஷில்லிங், 2 பென்னி கட்டினா? ஒரு கட்டைவிரல், ஒரு சுண்டுவிரல், மூணு பார்லி, நாலு சின்ன வெட்டு, ரெண்டு கீறல். பெரிய தொகை ஒரு விளிம்புல, சில்லறை எதிர் விளிம்புல. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டுன்னு தலை சுத்த வைக்கிற கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவன் கூட விரலை வச்சே சரிபாத்துடலாம். என்னைக் கேட்டா, இப்ப வர்ற ரசீதெல்லாம் இது கிட்ட நிக்காது.

இனிமேதான் முக்கியமான கட்டம். பெரும்பாலும் ஹேசல் மரம். முடிச்சு இல்லாத நேர்க்கொம்பா எடுத்து நாலு பக்கமும் சீவணும். வெட்டு எல்லாத்தையும் போட்ட பிறகுதான் பிளக்கணும். ஒரு முனைக்குப் பக்கத்துல குறுக்கால பாதி ஆழத்துக்கு அறுத்துட்டு, எதிர் முனையில கத்தியை வச்சுத் தட்டினா, பிளவு நார் வழியா ஓடி அந்த அறுப்புல வந்து நிக்கும். ஒரு பாதி கைப்பிடியோட நீளமா, இன்னொண்ணு குட்டையா வரும். ஒவ்வொரு வெட்டும் ரெண்டு பாதியிலயும் இருக்கும். முடிச்சு இருந்தாலோ ரொம்பக் காஞ்சிருந்தாலோ பிளவு ஓரமா ஓடிடும், குச்சி பாழ்.

நீளப் பாதி பணம் கட்டினவருக்கு, குட்டை கருவூலத்துக்கு. ஒரு கவுன்டியோட, அதாவது மாவட்டத்தோட, வசூலைப் பாத்துக்கிட்ட ராஜாவோட அதிகாரி ஷெரீஃப். அவர் ஈஸ்டருக்கு ஒரு பங்கு கட்டிட்டு, செப்டம்பர் கடைசியில மிக்கேல்மஸ் திருநாளுக்குக் கணக்கு முடிக்க வரும்போது தன் பாதியைக் கொண்டு வரணும். ரெண்டையும் சேத்து வச்சா வெட்டும் மர நாரும் டேலி ஆகணும். ஒருத்தர் மட்டும் களவா ஒரு வெட்டு போட்டா மறுபாதி காட்டிக் கொடுத்துடும்.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். பிளக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டைப் பக்கத்துலயும் யார் கட்டினாங்க, எதுக்குன்னு மையால லத்தீன்ல எழுதிடுவாங்க. என் குச்சியில அதுவும் இல்ல. 1,350!

கடன் கொடுத்தவங்களுக்குக் காசுக்குப் பதிலா அரசாங்கம் இந்தக் குச்சியைக் கொடுக்க, அது கைமாறவும் ஆரம்பிச்சது. 1697ல பேங்க் ஆஃப் இங்கிலாந்து மூலதனத்தைப் பெருக்கினப்போ, அஞ்சுல நாலு பங்கைக் குச்சியாவே வாங்கிக்கிட்டாங்க!

1782ல இதை ஒழிக்கச் சட்டம் வந்தது. ஆனா அப்போ அந்தக் கருவூலப் பதவியில இருந்தவங்க போன பிறகுதான் அமலாகணும்னு ஒரு வால் சேத்துட்டாங்க. அதனால 1826 வரைக்கும் இழுத்துச்சு. அந்த ஊர் நிர்வாகத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச சோம்பேறித்தனம் இது.

மிச்சம் கிடந்தது ரெண்டு வண்டி குச்சி. 1834 அக்டோபர் 16, பார்லிமென்ட்ல பிரபுக்கள் சபைக்குக் கீழ இருந்த ரெண்டு அடுப்புல போட்டு எரிக்கச் சொன்னார், அங்க கட்டட வேலைகளைப் பாத்துக்கிட்ட அதிகாரி ரிச்சர்ட் வீப்லி. ரெண்டு வேலையாட்கள் காலையிலேர்ந்து அள்ளி அள்ளித் திணிச்சாங்க. நல்லாக் காஞ்ச குச்சி, சும்மா இருக்குமா? புகைபோக்கி பழுக்கக் காய்ஞ்சது. சாயங்காலம் 4 மணிக்குச் சபையைச் சுத்திப் பாக்க வந்தவங்களுக்குத் தரைச் சூடு பூட்ஸைத் தாண்டிக் கால்ல சுட்டுச்சு, சுவத்துல தொங்கின திரைச்சீலை புகையில தெரியல. அப்பவும் யாரும் அலட்டிக்கல. ஆறு மணி தாண்டினதும் குபீர்னு பிடிச்சது. பிரபுக்கள் சபை, மக்கள் சபை ரெண்டும் போச்சு. அங்க இருந்த பழைய பெரிய மண்டபம் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் மட்டும் எப்படியோ பிழைச்சது.

அதோட போச்சா? நாட்டுக்கே அளவுகோலா அங்க வச்சிருந்த கஜக்கோலும் பவுண்டு எடைக்கல்லும் அந்தத் தீயில கெட்டுப் போச்சு. புதுசு செஞ்சு சட்டமாக்க 1855 ஆயிடுச்சு. இந்தத் தடவை உஷாராகி நகல்களும் எடுத்து, அதுல ஒண்ணைப் புது பார்லிமென்ட் சுவத்துக்குள்ளயே வச்சுப் பூசிட்டாங்க. கஜக்கோலுக்குத் தனி வீடியோ வேணும்னா கமென்ட்ல போடுங்க. அதோட மாதிரி மட்டும் யாரும் வாங்கச் சொல்லாதீங்க!