நூறு வண்டிகளில் ஒரு வண்டி

அவையோருக்கு வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

வரலாறு எழுதிய அரபு மன்னர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மன்னரிடம் போவதற்கு முன்னால் ஒரு மாட்டு வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1291-ஆம் ஆண்டு, குளிர்காலம் முடிகிற சமயம். சிரியாவில் ஹிஸ்னுல் அக்ராத் என்று ஒரு மலைக்கோட்டை. அங்கே இருந்த பிரம்மாண்டமான கல்லெறி எந்திரம் ஒன்றைக் கழற்றி, நூறு வண்டிகளில் ஏற்றி, சிலுவைப்போர்க்காரர்கள் கையில் இருந்த கடற்கரை நகரமான அக்காவை முற்றுகையிடக் கொண்டுபோகிறார்கள். எந்திரத்துக்கு ஒரு பெயர்கூட உண்டு: மன்சூரி. வழியில் மழை பிடித்துக்கொள்கிறது, பனி கொட்டுகிறது. பாரமும் குளிரும் தாங்காமல் மாடுகள் செத்து விழுகின்றன. குதிரையில் போனால் எட்டு நாளில் போய்விடலாம். இவர்களுக்கு ஒரு மாதம் பிடிக்கிறது. அந்த நூறு வண்டிகளில் ஒரே ஒரு வண்டிக்குப் பொறுப்பாக ஒரு பதினேழு வயதுப் பையன் வருகிறான். பத்துக் குதிரை வீரர்களுக்குத் தலைவன் என்ற சின்னப் பதவி அவனுக்கு.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அந்தப் பையனே எழுதி வைத்திருக்கிறான். அப்புறம் அவன் ஹமா நகரத்தின் சுல்தான் ஆனான். சுல்தான் ஆனபிறகும், "அன்று எனக்கு ஒரு வண்டிதான்" என்பதை மறைக்காமல் தன் வரலாற்று நூலில் வைத்துக்கொண்டான். அவர்தான் அபுல் ஃபிதா இஸ்மாயில். இனி மரியாதையாக 'அவர்' என்றே சொல்கிறேன்.

அரபு மன்னர் என்று சொன்னால் ஒரு திருத்தம் வேண்டும். வம்சம் குர்து வம்சம். ஜெருசலேமை மீட்ட ஸலாஹுத்தீன் அய்யூபியின் குடும்பம். ஸலாஹுத்தீனின் அண்ணன் மகன் வழியில் ஹமாவை ஆண்டு வந்த கிளையில் பிறந்தவர் இவர். ஆனால் பேசியது, படித்தது, எழுதியது எல்லாம் அரபியில். அரபு வரலாற்றாசிரியர்கள் வரிசையில் முன்னால் நிற்கிற பெயர். ஆகவே தலைப்பை மாற்ற வேண்டாம், இருக்கட்டும்.

1273-இல் டமாஸ்கஸில் பிறந்தார். ஹமா குடும்பத்துப் பிள்ளை டமாஸ்கஸில் ஏன் பிறக்க வேண்டும்? மங்கோலியர் வருகிறார்கள் என்ற அச்சத்தில் குடும்பம் அங்கே ஒதுங்கியிருந்தது. பன்னிரண்டு வயதில் அப்பாவோடு மர்கப் கோட்டை முற்றுகைக்குப் போகிறார். தான் கண்ணால் கண்ட முதல் போர் அதுதான் என்று எழுதுகிறார். நம் வீட்டுப் பிள்ளைகள் ஏழாம் வகுப்புப் படிக்கிற வயது.

பதினைந்து வயதில் திரிப்போலி, இன்றைய லெபனானில் இருக்கிற கடற்கரை ஊர். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1289-இல், எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தானின் படைகள் சிலுவைப்போர்க்காரர்களிடமிருந்து திரிப்போலியைப் பிடித்தபோது, ஊருக்கு எதிரே கடலில் இருந்த ஒரு சின்னத் தீவுக்கு மக்கள் தப்பி ஓடினார்கள். அங்கே ஒரு தேவாலயம் இருந்தது. படைவீரர்கள் குதிரைகளோடு கடலில் இறங்கி நீந்திப் போய், ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் சிறைபிடித்தார்கள். எல்லாம் முடிந்தபிறகு அபுல் ஃபிதா ஒரு படகில் அந்தத் தீவுக்குப் போகிறார். தீவு முழுக்கப் பிணங்கள். நாற்றம் தாங்காமல் அங்கே நிற்கவே முடியவில்லை என்று எழுதுகிறார். அவ்வளவுதான். ஜெயித்தது இவருடைய பக்கம். வெற்றிக்கவிதை ஒன்றைச் செருகியிருக்கலாம். நாற்றத்தைத்தான் எழுதினார்.

சரி, அக்காவுக்கு வருவோம். வண்டிகள் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தன. ஹமா படைக்கு வலது கோடியில், கடலை ஒட்டி இடம் கொடுத்திருந்தார்கள். எதிரிகளான ஃபிராங்குகளை, அதாவது ஐரோப்பியச் சிலுவைப்போர்க்காரர்களை, அரபியில் ஃபரஞ்ச் என்பார்கள். நாம் 'பரங்கி' என்று சொல்கிறோமே, அதுவும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். அவர்களுடைய கப்பல்கள் மேலே எருமைத்தோல் போர்த்திய மரக்கூரை போட்டுக்கொண்டு கடல் பக்கத்திலிருந்து வந்து அம்பு விட்டன. ஒரு கப்பலில் கல்லெறி எந்திரமே இருந்தது. ஒருநாள் இரவு புயல் அடித்து, கப்பல் தூக்கித் தூக்கிப் போட்டதில் அந்த எந்திரம் உடைந்துபோயிற்று.

இன்னொரு இரவு, ஃபிராங்குகள் கோட்டையிலிருந்து திடீரென்று வெளியே பாய்ந்து கூடாரங்கள் வரை வந்துவிட்டார்கள். இருட்டு. கூடாரக் கயிறுகள் காலில் தட்டி விழுகிறார்கள். அதில் ஒரு வீரன், ஓர் அமீரின், அதாவது படைத்தலைவரின், கழிப்பறைக் குழிக்குள் விழுந்து, அங்கேயே கொல்லப்பட்டான். சிலுவைப் போர்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இருநூறு வருடச் சண்டையின் கடைசிக் கட்டத்தில் ஒருவன் மலக்குழியில் விழுந்து செத்தான் என்பதைப் பதிவு செய்ய, அந்த ராத்திரி அந்தப் பாசறையில் இருந்த ஒருவர் வேண்டும்.

இவரை ஒரேயடியாகப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. அக்கா விழுந்த நாளைப் பற்றி எழுதும்போது ஓர் ஒற்றுமையைக் கண்டு வியக்கிறார். நூறு வருடத்துக்கு முன்னால் ஸலாஹுத்தீனிடமிருந்து அக்கா பறிபோனது ஹிஜ்ரி 587, ஜுமாதல் ஆகிர் மாதம் 17, வெள்ளிக்கிழமை. இப்போது ஸலாஹுத்தீன் என்ற அதே பட்டம் தாங்கிய சுல்தான் அல் அஷ்ரஃப் கலீலின் கையால் திரும்பக் கிடைத்ததும் அதே நாளில் என்கிறார். வெள்ளிக்கிழமை பொருந்துகிறது. பதினேழாம் தேதியும் பொருந்துகிறது. மாதம்தான் பொருந்தவில்லை. அக்கா விழுந்தது 1291 மே 18. ஹிஜ்ரிக் கணக்கில் அதற்கு முந்தைய மாதம். கூடவே இருந்து பார்த்தவர்தான். ஆனாலும் விதியின் கணக்கு அழகாக இருந்தால் ஒரு மாதத்தைத் தள்ளிவிட மனித மனம் தயங்குவதில்லை போலும்.

1299-இல் ஹமாவின் ஆட்சியாளர் இறந்தார். உறவுக்காரர்களுக்குள் யார் அடுத்தவர் என்று சண்டை. ஒத்துப்போகவில்லை என்றதும் கெய்ரோவில் இருந்த மம்லூக் அரசு தன் ஆளை அனுப்பிவிட்டது. பாட்டன் பூட்டன் ஆண்ட ஊர் கையை விட்டுப் போயிற்று. அபுல் ஃபிதா என்ன செய்தார்? மம்லூக்குகளிடமே வேலை பார்த்தார். சுல்தான் நாஸிர் முஹம்மதுவோடு நெருக்கமானார். பதினோரு வருடம் கழித்து, 1310-இல், ஹமாவின் ஆளுநராகத் திரும்பினார். 1312-இல் மன்னர் என்ற பட்டம். 1320-இல், சுல்தானோடு ஹஜ்ஜுக்குப் போய்வந்த கையோடு, சுல்தான் என்ற பட்டம். அல் மலிக்குல் முஅய்யத் என்ற விருதுப் பெயர்.

பட்டம் பெரியது. கொடுத்தவர் கெய்ரோவில் இருந்தார், எடுக்கவும் அவரால் முடியும். இந்தப் பகுதியை எழுதுகிறபோது அபுல் ஃபிதாவின் எழுத்தே மாறிவிடுகிறது என்பது என் எண்ணம். எந்த வருடம் கெய்ரோவுக்குப் போனேன், என்ன அங்கி போர்த்தினார்கள், எந்தக் குதிரை தந்தார்கள், எங்கே வேட்டைக்குப் போனோம் என்று வரிசையாக வருகிறது. விருந்துக்குப் போய்வந்தவர் மொய்க் கணக்கை வாசிப்பதுபோல இருக்கும். நாஸிரின் அரசவையில் எத்தனையோ அமீர்கள் சிறைக்குப் போனார்கள், செத்தும் போனார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இருபது வருடம் தலை தப்பியவர் வேறு எப்படி எழுதுவார்? குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வண்டிக்காரப் பையனைத்தான் பிடிக்கிறது.

அவருடைய வரலாற்று நூல் ஆதி மனிதரில் தொடங்கி 1329 வரை வருகிறது. பழைய காலத்துக்கு இப்னுல் அஸீர் போன்ற முன்னோடிகளைச் சுருக்கிக்கொண்டார். நூலின் பெயரிலேயே 'சுருக்கம்' இருக்கிறது, ஒளிவுமறைவு இல்லை. அய்யூபிகள் காலத்துக்கு ஹமாவைச் சேர்ந்த காழி (நீதிபதி) இப்னு வாஸில் உதவினார். அந்தக் காழி சிசிலி அரசர் மான்ஃபிரடிடம் தூது போய்வந்தவர். இளவயதில் அபுல் ஃபிதா யூக்ளிட் கணக்குகளைப் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவாராம், சரியா என்று திருத்திக்கொள்ள.

அந்தக் கணக்குப் பழக்கம் இன்னொரு நூலில் வெளிப்படுகிறது. 1321-இல் முடித்த 'தக்வீமுல் புல்தான்' என்ற புவியியல் நூல். ஊர்களின் பெயர், தீர்க்கரேகை, அட்சரேகை, குறிப்பு என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறார். இந்தக் கட்டம் போடும் முறையை எங்கே பிடித்தார் தெரியுமா? நோய்களையும் மருந்துகளையும் அட்டவணையாக்கிய பக்தாத் மருத்துவர் இப்னு ஜஸ்லாவின் நூலிலிருந்து.

அதில் நம் கரையும் இருக்கிறது. சோழ மண்டலக் கரையை அரபுகள் மஅபர் என்பார்கள். அது கொல்லத்துக்குக் கிழக்கே மூன்று நான்கு நாள் பயணத்தில், குமரிமுனையில் தொடங்குகிறது என்று எழுதுகிறார். அந்நாட்டு மன்னருக்கு வெளிநாட்டிலிருந்து குதிரைகள் போகின்றன என்றும் குறிக்கிறார். பாண்டியர் குதிரைக்குக் கொட்டிய பணத்தைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியதோடு சேர்த்துப் படித்தால் சரியாகவே இருக்கிறது. அபுல் ஃபிதா இந்தப் பக்கம் வந்ததே இல்லை. மாலுமிகளும் பழைய ஏடுகளும் சொன்னதுதான்.

அதே நூலில் ஒரு விடுகதைபோல ஒன்று வரும். மூன்று பேர். ஒருவர் ஊரிலேயே இருக்கிறார். ஒருவர் மேற்கே போகிறார், இன்னொருவர் கிழக்கே போகிறார். இருவரும் உலகத்தைச் சுற்றி ஒரே நாளில் ஊர் திரும்புகிறார்கள். ஊரில் இருந்தவருக்கு அன்று வெள்ளி என்றால், மேற்கே போனவர் கணக்கில் வியாழன், கிழக்கே போனவர் கணக்கில் சனி! யாருமே அதுவரை உலகத்தைச் சுற்றியதில்லை. இருநூறு வருடம் கழித்து, 1522 ஜூலையில், மகெல்லனின் மிச்சமிருந்த கப்பல் கேப் வெர்டே தீவில் ஒதுங்கியது. மேற்கே மேற்கே என்று போய் வந்தவர்கள் அன்று புதன் என்றார்கள். தீவுக்காரர்கள் வியாழன் என்றார்கள். எங்கே ஒரு நாளைத் தொலைத்தோம் என்று மாலுமிகள் திகைத்துப் போனார்கள். ஹமாவில் உட்கார்ந்து ஒருவர் அதைத் தாளில் போட்டுப் பார்த்தது அவர்களுக்குத் தெரியாது.

ஐரோப்பியர்கள் இவரை அபுல்ஃபெடா என்று அழைத்து ஆர்வமாகப் படித்தார்கள். 1723-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நபிகள் வாழ்க்கைப் பகுதி லத்தீனில் வந்தது. நிலாவில் சுமார் அறுபது கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. ஹமாவுக்கே இன்றும் 'அபுல் ஃபிதாவின் நகரம்' என்று பேர். ஆஸி ஆற்றங்கரையில், நீர்ச்சக்கரங்கள் முனகிக்கொண்டு சுற்றுகிற அந்த ஊரில் தானே ஒரு பள்ளிவாசல் கட்டினார். அதன் சன்னல் தூண் ஒன்றில் பாம்புகள் பின்னிக்கொண்டது போன்ற வேலைப்பாடு; அதனால் ஊரார் அதைப் பாம்புப் பள்ளிவாசல் என்பார்கள். 1331-இல் இறந்தபோது அங்கேதான் அடக்கினார்கள்.

அவர் ஆதரவில் வாழ்ந்த கவிஞர் இப்னு நுபாத்தாவுக்கு அன்று தர்மசங்கடம். பெரியவருக்கு இரங்கல் பாட வேண்டும். பட்டம் ஏறிய மகன் அஃப்ளலுக்கு வாழ்த்தும் பாட வேண்டும். இரண்டையும் ஒரே கவிதையில் பாடினார், கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு என்று. அரபு இலக்கியத்தில் பேர்பெற்ற கவிதை அது. வாழ்த்து பத்து வருடம்தான் தாங்கியது. 1341-இல் மகனைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஹமாவில் அய்யூபிகள் கதை அதோடு முடிந்தது.

நூல் முடியவில்லை. 1329-இல் நின்ற இடத்திலிருந்து அலெப்போவில் வாழ்ந்த இப்னுல் வர்தி என்பவர் எடுத்து எழுதிக்கொண்டு போனார். 1348-இல் சிரியாவுக்குள் கொள்ளைநோய் வருகிறது. ஊர் ஊராக அது நகர்ந்து வருவதை எழுதுகிறார். 1349-இல் அவர் ஊருக்கு வந்திருந்த அந்த நோய் அவரையும் கொண்டுபோயிற்று. ஏடு அந்த வருடத்தில் நிற்கிறது.