மாத்திரை போட்டா இப்படிப் பசிக்குமா!

வணக்கம் மக்களே. மூச்சு வாங்குது, பொறுத்துக்கோங்க. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பார்க்ல நாலு ரவுண்டு முடிச்சு இப்பதான் உக்காந்தேன். பின்னாடி வாக்கிங் மாமாங்க அரசியல் பேசறது கேட்டா கண்டுக்காதீங்க.

எனக்கு 33 வயசு. கர்ப்பப்பை உள்சவ்வுல கேன்சர். கிரேடு 1, அதாவது மெதுவா வளர்ற வகை, கர்ப்பப்பைத் தசைக்குள்ள இறங்கல. வழக்கமா கர்ப்பப்பையையே எடுத்துடுவாங்க. குழந்தை வேணும்னு சொன்னதால, எம்ஆர்ஐ எல்லாம் பார்த்துட்டு மெஜெஸ்ட்ரால்னு, உள்சவ்வு வளர்றதை அடக்கற ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்காங்க. மூணு மாசத்துக்கு ஒருமுறை பயாப்சி, உள்சவ்வுல துளி எடுத்து டெஸ்ட் பண்றது. எல்லாருக்கும் இது ஒத்துவராது, டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

இதே மாத்திரையை, சாப்பாடு இறங்காம இளைச்சுப்போன கேன்சர் நோயாளிங்களுக்குப் பசி எடுக்கறதுக்கும் கொடுப்பாங்களாம். அப்ப என் கதி? ராத்திரி 11 மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து மாவு டப்பாவை எடுக்கறேன், தோசை ஊத்த! ரெண்டே மாசத்துல 82 கிலோ 86 ஆயிடுச்சு.

எனக்கு எடை ஏறவே கூடாது. ஏன்னா கொழுப்பு சும்மா கிடக்காது. அரோமட்டேஸ்னு ஒரு என்சைம் அதுல இருக்கு, அது ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும். அந்த ஈஸ்ட்ரோஜன்தான் உள்சவ்வை வளரவிடுது. மாத்திரை தண்ணி ஊத்தி அணைக்குது, என் இடுப்புச் சதை விறகு போடுது.

இதை அத்தைக்கு எப்படிப் புரிய வைக்கறது? "கேன்சர்னா இளைச்சுப் போவாங்களே, உடம்பைத் தேத்தும்மா"னு நெய் மிதக்கற பொங்கல், ஆட்டுக்கால் சூப். பாசம்தான், என்ன பண்ண! டயட்டீஷியன்கிட்ட அவங்களையே கூட்டிட்டுப் போனேன். "அப்ப கேழ்வரகுக் களி எவ்வளவு வேணா தரலாமா?"ன்னாங்க. அதுவும் மாவுச்சத்துதான், அளவு உண்டுன்னதும் அத்தை முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

பட்டினி கிடக்கல. தட்டுல பாதி காய், கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, மிச்சம்தான் சோறு. சாயங்காலம் 4 மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். நிஜமா சொல்றேன், என்னைக் காப்பாத்தினது அந்தச் சுண்டல்தான். அதை விட்ட அன்னிக்கு ராத்திரி தோசைக்கல்லு அடுப்புல ஏறிடும்.

இப்ப 83. முதல் பயாப்சில கேன்சர் குறைஞ்சிருக்குன்னாங்க, முழுசா போகல. வியாழக்கிழமை ரெண்டாவது.

இருங்க, அத்தை போன். கொண்டைக்கடலை ஊறவெச்சேனானு கேக்கத்தான் இருக்கும்... மறந்துட்டேனே!