வெயிலில் ஓடப் போகிறவர்களுக்கு

(யாழ்ப்பாணத்தில் எங்கள் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியது. பிள்ளைகள் கேட்டதற்காக எழுதித் தருகிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எங்களுக்கெல்லாம் முன்னால் நேரத்துக்கு வந்து எங்களை வெட்கப்பட வைத்த பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, வைத்தியர் தம்பி அவர்களே (தம்பி என்று சொல்லலாம்தானே, என்னிடம் உடற்பயிற்சி படித்த பெடியன்), மாதர் சங்கத் தலைவி அவர்களே, விளையாட்டுக் கழகச் செயலாளர் அவர்களே, கனடாவிலும் இலண்டனிலும் இருந்து வந்து முன்வரிசையில் விசிறிக்கொண்டிருக்கும் உறவுகளே, ஒலிபெருக்கிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று நிற்கும் எங்கள் அயலவரே, எல்லாருக்கும் பின்னால் மதிலில் ஏறி இருக்கும் ஓட்டக்காரப் பிள்ளைகளே! இந்தப் பேச்சே உங்களுக்குத்தான். வணக்கம்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்கப் புரட்டாதியில் மரதன் ஓடப் போகிறார்கள் எங்கள் பிள்ளைகள். 42.195 கிலோமீற்றர். பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முதல் ஓடுகிறோமே, அந்த மரதன் இல்லை இது. இங்கிருந்து பருத்தித்துறை 33 கிலோமீற்றருக்குக் கிட்ட. அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் இன்னும் ஒன்பது கிடக்கும்.

நல்ல காரியத்துக்காக வெயிலில் தூரம் போவது எங்களுக்குப் புதிதில்லை. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஒன்றரை மாதத்துக்கு மேல் நடக்கிறார்கள், அதுவும் இதே கோடையில். 2011 யூலையில் தேவேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நாட்டின் தென் கோடியையும் வட கோடியையும் கால்நடையாக இணைத்தார்கள். தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலை அந்த நடையில் சேர்ந்த பணத்தில் எழுந்தது. ஆகவே முடியுமா என்று யாரும் கேட்க வேண்டாம்.

நான் மூன்று விஷயம் சொல்ல வந்தேன். ஒன்று உடம்பு, இரண்டு தண்ணீர், மூன்று சப்பாத்து. அதற்கு முதல் ஒரு பழமொழி. என் மாணவர்களுக்கு அது என்னவென்று தெரியும், சிரிக்கிறார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும்.

உடம்புக்கு வருவோம். இப்போது காண்டாவனம், அக்கினி நட்சத்திர வெயில். வெயில் மட்டும் என்றால் சமாளிக்கலாம், எங்களுக்கு மூன்று பக்கமும் கடல். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? கசிகிற நீர் காற்றில் ஆவியாவதால். உடம்பும் வேர்வையை அப்படித்தான் ஆவியாக்கிக் குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாகாமல் சொட்டி விழும். சொட்டி விழுகிற வேர்வையால் குளிர்ச்சி கிடையாது, நட்டம் மட்டும்தான். 32 பாகை வெப்பமும் 70 வீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடம்புக்கு அது 41 பாகை போல இருக்கும்.

கடலுக்கு நடுவால் போகிற பண்ணைப் பாலத்தில் ஓடிப் பாருங்கள். போகும்போது சோளகக் காற்று முகத்தில் அடிக்கும், கால் நகராது, ஆனால் உடம்பு குளிரும். திரும்பும்போது காற்று முதுகில். ‘இப்ப சுகம்’ என்று நினைத்து வேகத்தைக் கூட்டுவான் பெடியன். காற்றும் அவனும் ஒரே வேகத்தில் போனால் வேர்வையை யார் காய வைப்பது? அங்கேதான் வேகுவான்.

உடம்பு பழகும். பத்துப் பதினாலு நாள் தொடர்ந்து வெயிலில் ஆறுதலாக ஓடினால் இரத்தத்தில் நீர்ப்பங்கு கூடும், வேர்வை கெதியாகத் தொடங்கும், அதில் உப்புக் குறையும். முதல் கிழமையே நேரம் பார்த்து ஓடாதீர்கள். நீண்ட ஓட்டத்தை விடியப்புறம் ஐந்து மணிக்கு முதல் தொடங்குங்கள். ஓடுகிறவன் உளறினால், தள்ளாடினால், 1990 அம்புலன்சுக்கு அழைத்துவிட்டு வாகனம் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வாளி வாளியாக ஊற்றுங்கள். முதலில் குளிர்ச்சி, பிறகுதான் வைத்தியசாலை. வைத்தியர் தம்பி தலையாட்டுகிறார், சரி.

தண்ணீர் விஷயத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். 1912, சுவீடன் நாட்டு ஸ்ரொக்கோம் நகரில் ஒலிம்பிக். யப்பானில் இருந்து கனகுரி சிசோ என்ற இளைஞன் மரதன் ஓட வருகிறான். கப்பலில் ஏறி, அப்புறம் சைபீரியா முழுக்க ரயிலில் குலுங்கி, அரை மாதத்துக்கு மேல் பயணம். அன்றைக்குப் பார்த்து அந்தக் குளிர் தேசத்தில் 30 பாகைக்கு மேல் வெயில். ஓடத் தொடங்கியவர்களில் பாதிப் பேருக்கு எல்லைக் கோட்டைக் காணக் கிடைக்கவில்லை. போர்த்துக்கல்காரர் பிரான்சிஸ்கோ லாசரோ விழுந்தார், மறுநாள் இறந்தார். வெயில் படாமல் இருக்க உடம்பில் மெழுகு பூசியிருந்தார் என்பார்கள். வேர்வைக்கு வழியில்லை, பாவம்.

எங்கள் கனகுரி பாதி தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறான். கண் இருட்டுகிறது. வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் விருந்து. மர நிழல், கதிரை, கண்ணாடிக் குவளையில் பழச்சாறு. வாசலில் ஒருவன் வேர்க்க விறுவிறுக்க நிற்கிறான், அவர்களுடைய மொழி ஒரு சொல்லும் தெரியாது. எங்கள் ஊர்ச் சனம் என்றால் என்ன செய்யும்? வா தம்பி, இரு, குடி. அவர்களும் அதைத்தான் செய்தார்கள். குடித்தான், இளைப்பாறினான், எழும்பி ரயில் பிடித்துப் போய்விட்டான்! நடுவர்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. வெட்கம். சுவீடன்காரர்கள் ‘ஓட்டக்காரர் காணாமற் போனார்’ என்று பதிந்துவிட்டார்கள். அவனோ ஊருக்குப் போய், பிறகும் இரண்டு ஒலிம்பிக்கில் ஓடியிருக்கிறான், இவர்கள் இன்னும் தேடுகிறார்கள்!

1967இல் ஆளைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார்கள். ‘ஐயா, விட்ட ஓட்டத்தை முடித்துத் தாருங்கள்.’ எழுபத்தைந்து வயதுக் கிழவர் கோட் சூட்டோடு வந்து எல்லைக் கோட்டைத் தாண்டினார். நேரம் அறிவித்தார்கள்: 54 வருடம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 செக்கன். ‘நீண்ட ஓட்டம்தான், இடையில் கலியாணம் முடித்து ஆறு பிள்ளை, பத்துப் பேரப்பிள்ளை கண்டுவிட்டேன்’ என்றாராம். மதிலில் இருக்கிற தம்பிமார், உங்களுக்கு அவ்வளவு நேரம் தர மாட்டோம்.

அந்தத் தோட்டத்து மரமும் குவளையும் ஒரு மனுசனின் உயிரைப் பிடித்து வைத்தன. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நான் சும்மாவா சொல்கிறேன்?

எங்கள் முன்னோர் இதை அறிந்து றோட்டோரமாகச் சுமைதாங்கி வைத்தார்கள், மாடு உடம்பு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல், கேணி, மடம் எல்லாம் வைத்தார்கள். பருத்தித்துறைத் தெருமூடிமடம் இன்னும் நிற்கிறது, வீதியே அதற்குள்ளால் போகிறது. நாங்கள் என்ன வைத்தோம்? றோட்டை அகலமாக்கினோம், தார் மினுங்குகிறது, வேம்பும் மருதும் போய்விட்டன. கார்த்திகையில் மரநடுகை மாதம் என்று கன்று வைக்கிறோம், படம் எடுக்கிறோம். தை பிறக்க முதல் ஆடு தின்றுவிடும். அம்மா அவர்கள் இருக்கும்போதே சொல்கிறேன், இது யாரையும் குறை சொல்ல இல்லை. கன்றுக்குக் கூடு போடாதது நாங்கள்தான்.

என் வேண்டுகோள் இது. அனுசரணையாளர்கள் ரீசேட்டுக்குக் கொடுக்கிற காசில் பாதியை இங்கே தாருங்கள். ஓடுகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் கிலோமீற்றருக்கு ஒன்றாக 42 கன்று. வேம்பு, மருது, இலுப்பை. வல்லை வெளி உவர் நிலம், அங்கே மரம் இலேசில் நிற்காது, அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தல். நல்லூர்த் திருவிழாவுக்கு இருபத்தைந்து நாள் போடுகிறோம், மிச்ச நாளில் சனத்துக்குத் தாகம் எடுக்காதா?

ஓ, தண்ணீர். அளவாகக் குடியுங்கள். ஓட முதலும் ஓடிய பிறகும் உங்கள் எடையை நிறுத்துப் பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் போயிருக்கிறது. அதற்காக வெறுந்தண்ணியை மொண்டு மொண்டு குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரும். தேசிக்காய்த் தண்ணியில் உப்பும் சீனியும் போடுங்கள், மோர் குடியுங்கள், ஜீவனி என்கிற உப்புச் சீனித் தூள் என்றால் ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். தலைவர் மணியைப் பார்க்கிறார். சப்பாத்தைப் பற்றி வைத்தியர் தம்பி சொல்லுவார்.

ஞாயிறு விடியப்புறம் நாலே முக்காலுக்கு இந்த வாசலில் நிற்பேன். ஓடுகிறவர்கள் போத்தலோடு வாருங்கள். ஓடாதவர்கள் பழைய மீன்வலை, முள்ளுக்கம்பி, பனை மட்டை எது வீட்டில் கிடந்தாலும் கொண்டு வாருங்கள், அந்தப் பிள்ளைகள் திரும்பி வருவதற்குள் பத்துக் கூடு கட்டிவிடலாம்.