கோனாவில் மீன்பிடிப் படகு: பணம் கட்டும் முன் கேப்டனிடம் என்ன கேட்க வேண்டும்?

[காட்சி: விடியற்காலை, ஹோனோகோஹாவ் துறைமுகம். வரிசையாக நிற்கும் வெள்ளைப் படகுகள்.]

ஹவாயின் பெரிய தீவுக்கு விடுமுறைக்குப் போகிறவர்களில் பலருக்கு ஒரு நாளாவது நடுக்கடலில் தூண்டில் போட்டுப் பார்க்க ஆசை. அதற்கு வாடகைப் படகுகள் கிளம்பும் இடம் இந்த ஹோனோகோஹாவ் துறைமுகம்தான். கைலுவா-கோனா ஊருக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. உலகத்தில் நீல மார்லின் என்ற, நீண்ட அலகுள்ள பெரிய மீனைப் பிடிக்கப் பேர்போன கடல்களில் கோனா கடல் ஒன்று. எப்படிப் படகு எடுப்பது, என்னென்ன கேட்டுக்கொள்வது என்று பார்த்துவிடலாம்.

[காட்சி: தீவின் வரைபடம். கிழக்கே காற்றைக் காட்டும் அம்புகள், நடுவில் மலைகள்.]

கோனா என்ற இந்த மேற்குக் கரைக்கு ஏன் இவ்வளவு புகழ்? வடகிழக்கிலிருந்து வீசும் காற்றை மௌனா கேயா, மௌனா லோவா, ஹுவலாலை ஆகிய எரிமலைகள் மறித்துக்கொள்கின்றன. முதல் இரண்டும் 4,000 மீட்டரைத் தாண்டியவை. அதனால் மேற்குக் கரையில் பெரும்பாலான காலைகளில் கடல் அமைதியாக இருக்கும். இன்னொரு வசதி, இங்கே கடலடி சட்டென்று இறங்கிவிடுகிறது. சில மைல் போனாலே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம். வேறு பல இடங்களில் ஆழ்கடலுக்குப் போகவே நெடுநேரம் ஆகும். இங்கே துறைமுகத்தை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே தூண்டிலை இறக்கிவிடுவார்கள்.

[காட்சி: படகின் பின்பக்கம். தண்ணீரில் குதித்து வரும் செயற்கை இரைகள்.]

சரி, படகு. இரண்டு வழி உண்டு. முழுப் படகையும் நீங்களே எடுக்கலாம், அல்லது தெரியாதவர்களோடு பங்கு போட்டுப் போகலாம். சிறிய படகுகளில் காசு கொடுத்து வருபவர்கள் 6 பேருக்கு மேல் ஏறக்கூடாது. அது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. அரை நாள் என்றால் நாலு மணி நேரம், முழு நாள் என்றால் எட்டு மணி நேரம். குடும்பத்தோடு போனால் முழுப் படகும் காலை அரை நாளுமே போதும் என்பேன். பங்குப் படகில் ராட், அதாவது தூண்டில் கம்பு, முறை வைத்துத்தான் கைக்கு வரும். உங்கள் முறையில் எதுவும் கடிக்காமல் போகலாம். முறை எப்படி மாறும் என்பதை ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: தராசில் தொங்கும் மஞ்சள்துடுப்புச் சூரை.]

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். பிடிபட்ட மீன் யாருக்குச் சொந்தம்? நாம்தானே காசு கொடுத்தோம், நமக்குத்தான் என்று நினைப்போம். கோனாவில் பழைய வழக்கம் வேறு. மீன் படகுக்குச் சொந்தம். கேப்டன் அதைச் சந்தையில் விற்பார், உங்களுக்கு ரெண்டு துண்டு வெட்டித் தருவார். அவருடைய வருமானத்தில் அதுவும் ஒரு பங்கு, அதனால் இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாப் படகிலும் ஒரே மாதிரி இல்லை. சிலர் சின்ன மீன்களை முழுசாகக் கொடுத்துவிடுவார்கள். இது கரைக்கு வந்தபிறகு பேசும் பேச்சு இல்லை. பணம் கட்டும் முன், நேரடியாக: "சூரை கிடைத்தால் எங்களுக்கு எவ்வளவு தருவீர்கள்? மார்லின் வந்தால் விட்டுவிடுவீர்களா, எடுத்து வருவீர்களா?" நல்ல கேப்டன் இதற்கு மழுப்பாமல் பதில் சொல்வார்.

[காட்சி: ரீல் நெருக்கத்தில். நரம்பு வேகமாக ஓடுகிறது.]

மீன் கடித்தால், தூண்டில் நரம்பைச் சுற்றி வைத்திருக்கும் ரீல் கிர்ரென்று கத்தும். அந்த நொடியில் எல்லாரும் எழுந்து ஓடக்கூடாது. கேப்டனுக்கு உதவியாக இருக்கும் டெக்ஹேண்ட் மற்றத் தூண்டில்களை வேகமாகச் சுற்றி எடுப்பார். உங்களை நாற்காலியில் உட்காரவைப்பார். கையால் இழுக்காதீர்கள், முதுகும் காலும்தான் வேலை செய்ய வேண்டும். ராடை மெதுவாக உயர்த்துங்கள், தாழ்த்தும்போது சுற்றுங்கள். மீன் ஓடினால் ஓடட்டும், ரீலின் பிடியை நீங்களாகத் திருகி இறுக்காதீர்கள். கேப்டன் படகையே பின்னால் செலுத்தி மீனை நெருங்குவார். அப்புறம் ஒன்று: கடைசியில் கொக்கிக்கு மேலே இருக்கும் தடித்த நரம்பைத் தொடவே கூடாது. அது டெக்ஹேண்டின் வேலை. கையில் சுற்றிக்கொண்டால் விரல் போய்விடும்.

இடையில் ஆள் மாற்றலாமா? விடுமுறைக்கு வந்தவர்கள் தாராளமாக மாற்றலாம். சாதனைக் கணக்குக்குத்தான் அது ஆகாது. 1970-ல் ஹவாயின் இன்னொரு தீவான ஓவாஹுவுக்கு அருகே வாடகைப் படகில் வந்தவர்கள் 1,805 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 819 கிலோ மார்லினைப் பிடித்தார்கள். ஒருவருக்கு மேல் ராடைப் பிடித்ததால் அது அதிகாரப்பூர்வச் சாதனையாகவில்லை. பசிபிக் நீல மார்லினுக்கான சாதனை 1982-ல் கோனா கடலில் பிடிபட்ட 1,376 பவுண்டு மீனுக்குப் போனது.

[காட்சி: படகின் ஓரம். நீலக்கோடுகள் ஒளிரும் மார்லின்.]

இவ்வளவு பெரிய மார்லின்கள் எல்லாமே பெண் மீன்கள். ஆண் மீன் அந்த எடையைத் தொடுவதே இல்லை. பெரியதைக் கொன்றால் முட்டையிடும் தாயைக் கொல்கிறோம். அதனால் விட்டுவிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். டெக்ஹேண்ட் அதன் அலகைப் பிடித்துக்கொள்ள, படகு மெதுவாக நகரும். செவுளில் தண்ணீர் ஓடி மீன் தெளிந்ததும் விடுவார். போட்டோ வேண்டுமென்றால் அது தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள். சாப்பிடவும் அது உகந்ததில்லை. பெரிய மார்லினில் பாதரசம் அதிகம், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. சமைக்க மஹி-மஹி மீன் இருக்கிறது. ஓனோ இருக்கிறது, அது நம்ம வஞ்சிரத்தின் குடும்பம்.

[காட்சி: பையில் அடுக்கும் பொருட்கள்.]

குமட்டல் மாத்திரையை முந்தின இரவே போடுங்கள், கடலுக்குப் போனபிறகு போட்டால் வேலை செய்யாது. மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பி, சன்ஸ்கிரீன், கறை விடாத அடிப்பகுதி உள்ள செருப்பு. வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகில் அது இருந்தால் மீன் வராது என்பது இங்கே ஆழமான நம்பிக்கை, அதை மதிப்பது நல்லது.

டிப்ஸ் வாடகையில் சேராது. 15 முதல் 20 சதவீதம் வழக்கம். மீன் கிடைக்காத நாளிலும் டெக்ஹேண்ட் அதே உழைப்பைத்தான் போட்டிருப்பார், அதனால் அன்றைக்குக் குறைக்காதீர்கள். பணமாக எடுத்துப்போய் இறங்கும்போது அவர் கையிலேயே கொடுங்கள்.