இழுக்கும் மூச்சல்ல, விடும் மூச்சு

எல்லோருக்கும் வணக்கம்.

பதற்றத்தைத் தணிப்பது பற்றிப் பேசத் தொடங்கும் முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வலது கையை வயிற்றின் மேல், தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். இடது கை நெஞ்சின் மேல் இருக்கட்டும். எதையும் மாற்றாமல் வழக்கம்போல மூச்சு விடுங்கள். எந்தக் கை அதிகம் அசைகிறது?

இடது கைதான் ஏறி இறங்குகிறது என்றால் நீங்கள் மேல்மார்பால் மூச்சு விடுகிறீர்கள். பதற்றத்தில் இருக்கிறவர்கள் பலர் இப்படித்தான், தங்களுக்கே தெரியாமல், நாள் முழுக்க மூச்சு விடுகிறார்கள். பயத்தின்போது ஓடுவதற்குத் தயாராகும் உடல் எடுக்கிற மூச்சு அது. ஓட்டம் மட்டும் நடப்பதில்லை.

ஒருவர் பதறும்போது பக்கத்தில் இருப்பவர் அக்கறையோடு என்ன சொல்வார்? "நல்லா மூச்சை இழுத்து விடு." பதறுகிறவரும் வாயைத் திறந்து பெரிது பெரிதாக இழுப்பார். அடுத்த சில நிமிடங்களில் தலை கிறுகிறுக்கும், விரல் நுனிகளும் உதட்டைச் சுற்றியும் மரமரக்கும், நெஞ்சு இறுகும். "எனக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று பயம் இரண்டு மடங்காகும். காரணம், தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், கிறுகிறுப்பு வரும். காற்று போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் வேகமாக இழுப்பார். சிக்கல் அங்கேதான் முறுகுகிறது. காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனையும் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ என்றால் அது ஆபத்தாகும்.

கவனம் வைக்க வேண்டியது விடும் மூச்சில். இப்போது மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், வெளியே விடும்போது தளரும். இளையவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தின் மேல் லேசாகப் பிரேக் போடுகிறது. அந்தப் பிரேக் நம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

செய்முறை இது. மூக்கால் 4 எண்ணும் வரை மெதுவாக உள்ளே. 6 எண்ணும் வரை வெளியே, மூக்கால் விடலாம், அல்லது சூடான பானத்தை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து விடலாம். நடுவில் அடக்க வேண்டாம். ஒரு எண் ஒரு விநாடி என்றால் ஒரு மூச்சுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. ஐந்து நிமிடத்தில் 30 மூச்சு, அவ்வளவே. 4, 6 திணறலாக இருந்தால் 3, 4 என்று தொடங்கி ஒரு வாரம் கழித்து நீட்டுங்கள். வயிற்றை வலிந்து தள்ளாதீர்கள், தானாக எழும். இழுப்பது மென்மையாக, அடுத்தவர் காதில் விழாத அளவுக்கு இருக்க வேண்டும். சத்தம் கேட்டால் அளவு மீறுகிறது என்று பொருள்.

"செய்து பார்த்தேன், வேலை செய்யவில்லை" என்பவர்களிடம் எப்போது செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதற்றம் உச்சியில் இருந்தபோது என்பார்கள். வெள்ளத்தில் விழுந்த பிறகு நீச்சல் பழக முடியுமா? காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, மனம் சும்மா இருக்கும் நேரத்தில், இரண்டு மூன்று வாரம் பழகுங்கள். பிறகுதான் அது நெருக்கடியில் கைகொடுக்கும்.

அடுத்து தசைத் தளர்வுப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் வளர்த்தெடுத்த முறை இது. கை, முகம், தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று ஒவ்வொரு பகுதியாக 5 முதல் 7 விநாடி இறுக்கி, 20 முதல் 30 விநாடி தளர விட வேண்டும். இறுக்குவது முக்கால் பலத்துக்கு மேல் போகக்கூடாது. பாதத்தையும் கெண்டைக்காலையும் முழு பலத்தோடு இறுக்கினால் தசைப்பிடிப்பு வரும். விடும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடாதீர்கள், நூல் அறுந்தாற்போல ஒரேயடியாக விடுங்கள். அந்த வித்தியாசத்தை உணர்வதுதான் பயிற்சி. பலர் இறுக்குவதில் காட்டும் அக்கறையைத் தளர்ந்திருக்கும் அரை நிமிடத்துக்குத் தருவதில்லை. அடிபட்ட இடத்தை விட்டுவிடுங்கள்.

சிலருக்கு உடல் தளரத் தொடங்கும்போதே பயம் வரும். பிடியை விட்டுவிட்டோமோ என்ற அச்சம் அது. இது அறியப்பட்ட ஒன்றுதான், நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை. கண்ணைத் திறந்து வைத்து, நேரத்தை இரண்டு நிமிடமாகக் குறைத்துத் தொடருங்கள். தியானத்துக்கும் இதே யோசனைதான். தியானம் வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், பதற்றக் கோளாறு உள்ள 276 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வார மனக்கவனத் தியானப் பயிற்சியும், மறு பாதிக்குப் பதற்றத்துக்குத் தரப்படும் எஸிடலோப்ராம் மாத்திரையும் தந்து பார்த்தார்கள். பயிற்சி மாத்திரைக்குக் குறைந்ததாக இருக்கவில்லை. ஆனால் அவர்கள் தினமும் முக்கால் மணி நேரம் வீட்டிலும் பழகச் சொல்லப்பட்டவர்கள்.

உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்கிற வேக நடை போதும். இதயம் வேகமாக அடித்தாலும் ஆபத்தில்லை என்பதை உடல் அங்கே நேரடியாகக் கற்றுக்கொள்கிறது.

காஃபீன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்கு 200 மில்லிகிராம் போனால் இரவு 9 மணிக்கு 100, நள்ளிரவு தாண்டி 2 மணிக்கும் 50 மிச்சமிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது இன்னும் மெதுவாகக் கழியும். புகைப்பவர்களுக்குச் சீக்கிரம் கழியும். அதனால் புகையை விட்டவர் அதே எண்ணிக்கையில் காபி குடித்தால் இரத்தத்தில் காஃபீன் கூடி, படபடப்பு வரும். புகையை விட்டதுதான் காரணம் என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பார். பாவம், குற்றவாளி கோப்பையில் இருக்கிறது. ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் எரிச்சலும் தொடங்கி ஒரு வாரம் வரை இழுக்கலாம். வாரத்துக்குக் கால் பங்கு என்று குறையுங்கள்.

மது முதலில் அமைதி தருவதுபோல் காட்டி, இறங்கும்போது தூக்கத்தைக் கலைத்து, மறுநாள் பதற்றத்தைக் கூட்டும்.

கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், 20 நிமிடம். படுக்கையில் வேண்டாம், தூங்கப் போகும் நேரத்துக்கு நெருக்கத்திலும் வேண்டாம். பகலில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். உட்கார்ந்ததும், என்னால் செய்யக்கூடியது, செய்ய முடியாதது என்று பிரித்து எழுதுங்கள். முதல் வகைக்கு அடுத்த அடி என்ன என்பதையும் எழுதுங்கள். கவலைப்படாதே என்றால் மனம் கேட்காது, அப்புறம் என்றால் பெரும்பாலும் கேட்கும்.

இவை எல்லாவற்றையும் செய்தும் சிலருக்குப் பதற்றம் குறையாததற்கு ஒரு காரணம் உண்டு. மூச்சுப் பயிற்சியைச் செய்துகொண்டே, "குறைந்துவிட்டதா, குறைந்துவிட்டதா" என்று அளந்துகொண்டிருப்பார்கள். கண்காணிப்பே எச்சரிக்கை மணிதான். லிஃப்டில் ஏறப் பயப்படுகிறவர் படபடப்பு முழுக்க அடங்கிய பிறகுதான் ஏறுவேன் என்றால் படிக்கட்டிலேயே காலம் போகும். கொஞ்சம் படபடப்போடேயே லிஃப்டில் ஒரு மாடி ஏறட்டும். அளக்க வேண்டியது பயம் எவ்வளவு குறைந்தது என்பதை அல்ல, இந்த வாரம் எத்தனை முறை ஏறினோம் என்பதை.

மூலிகைகள் பற்றி. இயற்கை என்ற சொல் பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல. கல்லீரல் பாதிப்பு காரணமாக ஜெர்மனி 2002-இல் காவா என்ற மூலிகையில் செய்த மருந்துகளின் அனுமதியைத் திரும்பப் பெற்றது. செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை, மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து, கருத்தடை மாத்திரையின் வீரியத்தையும் குறைக்கும். அமுக்கரா என்கிற அசுவகந்தா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, தைராய்டு அளவையும் மாற்றும். கர்ப்ப காலத்தில் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் வேலையும் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு மிகுதி, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை பதற்றத்தின் முகமூடியோடு வரும். முதல்முறையாக நெஞ்சு வலி, மயக்கம் என்றால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாகத் தூக்க மாத்திரை எடுப்பவர்கள், நன்றாக இருக்கிறது என்று திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் போகும்போது ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை காபி, தேநீர் என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். மூலிகைப் புட்டி இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.