மூடியில் ஏன் ஓட்டை?

எல்லோருக்கும் வணக்கம். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. பையில் சாதாரண பால்பாயின்ட் பேனா வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுத்து மூடியின் நுனியைப் பாருங்கள். நிறைய பேனாக்களில் அங்கே ஒரு ஓட்டை இருக்கும். பேனா கடித்துக்கொண்டே யோசிக்கிற பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு, குழந்தைகளைச் சொல்லவே வேண்டாம். அப்படிக் கடிக்கும்போது மூடி தவறி உள்ளே போய்த் தொண்டையில் சிக்கிக்கொண்டால், யாராவது உதவிக்கு வந்து அதை எடுக்கும்வரை கொஞ்சமாவது மூச்சு போய்வர வேண்டும். அந்த ஓட்டை அதற்காக. பிக் நிறுவனம் தன்னுடைய கிறிஸ்டல் பேனாவின் மூடியில் 1991-ல் அதைக் கொண்டுவந்தது.

பேனாவை உடனே உள்ளே வைத்துவிடாதீர்கள். அதே கிறிஸ்டல் பேனாவின் உடம்பில், நடுவில், இன்னொரு பொடி ஓட்டை இருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் ஒன்றாக இருந்தால்தான் மை சீராக இறங்கும், அதனால் அது. உடம்பு ஆறு பட்டையாக இருப்பதால் மேஜையில் வைத்தால் உருண்டு ஓடாது, விரலுக்கும் பிடிமானம் கிடைக்கும். கண்ணாடி மாதிரி இருப்பதால் மை எவ்வளவு மிச்சம் என்று தெரியும், பாதி வரியில் நின்று திகைக்க வேண்டாம். 1950-ல் பிரான்சில் மார்செல் பிக் விற்பனைக்குக் கொண்டுவந்த பேனா இது. 2006-க்குள் பத்தாயிரம் கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. நாம் தூக்கிப் போடுகிற பொருள் என்று நினைப்பதில் இத்தனை யோசனை.

டிசைன் என்றதும் நமக்கு அழகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. எனக்கும் அழகு பிடிக்கும், அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் ஒரு பொருளை யோசித்துச் செய்திருக்கிறார்களா என்று பார்க்க நான் கேட்கிற கேள்வி வேறு. இதைச் செய்தவர் என்னுடைய மோசமான நேரத்தை நினைத்துப் பார்த்தாரா? கை நடுங்குகிற நேரம், இருட்டில் தடவுகிற நேரம், பயந்து போயிருக்கிற நேரம், அப்போது இந்தப் பொருள் எனக்குத் துணை நிற்குமா?

இந்தக் கேள்வி எனக்குள் வந்தது ஒரு ராத்திரியில். கண்ணில் விட ஒரு மருந்து, காதில் விட ஒரு மருந்து, இரண்டும் வீட்டில் இருந்தன. இரண்டும் ஒரே அளவுக் குப்பி, ஒரே வெள்ளை மூடி, நிறுவனத்தின் பெயர் பெரிதாக, எதற்கான மருந்து என்பது மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்ததால் பெரிய விளக்கைப் போடாமல், அண்ணாந்து, கண்ணை விரித்துக்கொண்டு குப்பியைக் கவிழ்க்கப் போனபோது ஏதோ உறுத்தி, எழுந்துபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். கையில் இருந்தது காது மருந்து. என் கவனக்குறைவு என்றுதான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கண் வலியோடு, அரை வெளிச்சத்தில், தூக்கக் கலக்கத்தில்தான் ஒருவர் அந்தக் குப்பியை எடுப்பார் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூடியின் நிறத்தை மாற்றியிருந்தாலே போதும்.

சரி, இதற்கு நேர் எதிராக ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. பெல் சென்டெனியல் என்று ஒரு ஆங்கில எழுத்துரு. அமெரிக்காவில் தொலைபேசி டைரக்டரிகளுக்காக மேத்யூ கார்ட்டர் வரைந்து 1978-ல் வெளிவந்தது. டைரக்டரி எப்படி அச்சாகும் என்று யோசியுங்கள். மலிவான தாள், பொடி எழுத்து, அசுர வேகத்தில் ஓடும் இயந்திரம். தாளில் மை பரவும், கோடுகள் சேரும் மூலைகளில் திட்டுத் திட்டாக அப்பிக்கொள்ளும். கார்ட்டர் என்ன செய்தார் என்றால், மை எங்கே தேங்குமோ அந்த மூலைகளையெல்லாம் முன்கூட்டியே வெட்டிவிட்டார். அந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பூச்சி அரித்த மாதிரி இருக்கும், இதையா ஒரு கலைஞர் வரைந்தார் என்று தோன்றும். அதையே பொடியாக மட்டத் தாளில் அச்சடித்தால், பரவுகிற மை அந்த வெட்டுகளை நிரப்பி, எழுத்து பளிச்சென்று நிற்கும். மை பரவத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, அந்தக் குறையையே வேலை வாங்கியிருக்கிறார். திரையில் பெரிதாக வைத்து ரசிக்க அல்ல, அவசரத்தில் ஒரு எண்ணைத் தேடுகிறவருக்காக வரைந்த எழுத்து அது.

இன்னொன்று சமையலறையில். சாம் ஃபார்பர் என்பவரின் மனைவி பெட்ஸிக்கு விரல்களில் மூட்டுவாதம். வழக்கமான பீலரின் மெல்லிய உலோகப் பிடியைப் பிடித்துத் தோல் சீவ அவருக்குச் சிரமமாக இருந்தது. தடித்த, மெத்தென்ற ரப்பர் பிடி போட்ட கருவிகளை ஃபார்பர் 1990-ல் ஆக்ஸோ என்ற பெயரில் கொண்டுவந்தார். வலிக்கிற கைக்காக யோசித்தது, வலி இல்லாதவர்களுக்கும் பிடித்துப்போனது. ஈரக் கை, சோப்புக் கை என்றால் எல்லோருக்கும் பிடி வழுக்கத்தானே செய்யும்.

நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் புடைப்பு வைத்த மஞ்சள் டைல்ஸ் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் செய்யிச்சி மியாகே 1965-ல் உருவாக்கி, 1967-ல் ஒகயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதலில் பதித்தவை. நீளக் கோடு என்றால் நடக்கலாம், புள்ளி என்றால் நில், கவனம். பாதத்தாலும் கைத்தடியாலும் படிக்கிற இரண்டே எழுத்து. மஞ்சள் நிறம்கூட அலங்காரம் இல்லை, கொஞ்சம் பார்வை இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆனால் ஒரு நடைபாதையில் நானே பார்த்தேன், இந்த டைல்ஸ் வரிசை நேராகப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் முடிகிறது. அதை நம்பி ஒருவர் நடந்தால் நெற்றியில்தான் அடி படும். வடிவத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் இருந்த அக்கறையை விட்டுவிட்டார்கள். அசிங்கமான பொருளைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியவில்லை.

போகிற போக்கில் ஒன்று: பல நாடுகளில் ‘நில்’ என்னும் சாலைப் பலகை எட்டுப் பட்டையாக இருக்கும். பனி மூடி எழுத்து மறைந்தாலும், எதிர்ப்பக்கம் வருகிறவர் அதன் முதுகைப் பார்த்தாலும், வடிவமே சொல்லிவிடும்.

கடைசியாக, தலையை அந்தப் பக்கம் திருப்புங்கள். கதவுக்கு மேலே பச்சை விளக்கில் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார். 1970-களின் இறுதியில் ஜப்பானிய வடிவமைப்பாளர் யுகியோ ஓட்டா வரைந்து, 1985-ல் உலகத் தர அடையாளமாக ஏற்கப்பட்ட படம். புகை சூழ்ந்து கூட்டம் முண்டும்போது யாருக்கும் வார்த்தையைப் படிக்க நேரம் இருக்காது, அந்த மொழியே தெரியாதவர்களும் உள்ளே இருப்பார்கள். அதனால்தான் எழுத்து இல்லை. அவர் நின்று வழி காட்டவில்லை, ஒரு காலை ஏற்கெனவே எட்டி வைத்துவிட்டார், நம்மையும் கூடவே ஓடச் சொல்கிறார். நீங்கள் உள்ளே வந்தபோது அவரை எத்தனை பேர் கவனித்தீர்கள்? வெளியே போகும்போது அவர் எந்தப் பக்கம் ஓடுகிறார், பக்கத்தில் இருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் தயவுசெய்து அரங்கப் பொறுப்பாளரிடம் இன்றைக்கே சொல்லிவிட்டுப் போங்கள்.